மண்புழு உரம்: வாங்குவதா, வீட்டில் தயாரிப்பதா?

சென்னை தேனாம்பேட்டையில் மாடித் தோட்டம் போட்டிருப்பவர்கள் மண்புழு உரத்தைக் கிலோக் கணக்கில் பொட்டலமாக வாங்குகிறார்கள். பத்துத் தொட்டிகளுக்கு அந்த விலை கட்டுப்படியாகும். ஓர் ஏக்கருக்கு வாங்கிப் போட்டால் கட்டுப்படியாகுமா?

நன்றாகத் தயாரித்த மண்புழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 1.5 சதம் இருக்கும். அதாவது 1 டன்னில் 15 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலோ 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து உள்ளது. ஆகவே, யூரியாவை அடியோடு நிறுத்தி ஏக்கருக்கு நான்கு மூட்டை புழு உரம் போட்டால் போதும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நெற்பயிர் வெளுத்த பின் வருந்திப் பயனில்லை. இவ்வுரத்தின் சிறப்பு வேறு. புழுவின் குடல் வழியே வந்த எச்சத்தில் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கும். சத்துக்கள் பயிர் எளிதில் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருக்கும். மண் பொலபொலப்பாகி ஈரத்தைப் பிடித்து வைக்கும். புழுக்கள் மேல்மண்ணை உருவாக்குவது பற்றி சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் எழுதினார்.

இரண்டு மாடுகள் உள்ள வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ சாணம் கிடைக்கும்; ஆண்டுக்கு 7 டன். இத்துடன் வைக்கோல், இலைதழைகளைச் சேர்த்தால் ஏக்கருக்கு அடியுரமாக வேண்டிய 2 டன் புழு உரம் வீட்டிலேயே தேறும். மண் பரிசோதனைப்படி இட வேண்டிய இரசாயன உரத்தை இதையொட்டிக் குறைத்துக் கொள்ளலாம்.

புழுவையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தேனாம்பேட்டையை அடுத்த இராயப்பேட்டை புதுக்கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில், உள்நாட்டுப் புழுக்களைக் கொண்டே உரம் தயாரிக்கும் முறையைப் பரப்பியவர். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் என்னும் இனம் மேலே கிடக்கும் குப்பையைத் தின்னும். லேம்பிட்டோ மௌரிட்டி மேல்மண்ணில் வளை தோண்டும். ஆப்பிரிக்கப் புழு விரைவாகப் பெருகும் என்பது உண்மைதான். ஆனால் ஈரமான எருக்குழி ஓரத்தில் கிளறினால் சும்மா கிடைப்பதற்கு ஏன் பணம்?

புதுச் சாணத்தில் மட்டும் புழுவை விடாதீர்கள். மட்கும்போது எழும் சூட்டில் செத்துவிடும். இரண்டு, மூன்று வாரம் மட்கிய சாணத்தையும் குப்பையையும் கொட்டகை நிழலில் ஒன்றரை அடி உயரத்திற்குப் பரப்பிப் புழுக்களை விடுக. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வருமளவுக்கு ஈரம் போதும். எறும்பு வராமல் தொட்டியைச் சுற்றி நீர் நிற்கும் வாய்க்கால் அமைக்கலாம். எறும்பைவிடப் பெரிய எதிரி நம் வீட்டுக் கோழிதான். மேலே வலை போடுங்கள்.

45 முதல் 60 நாட்களில் உரம் தேயிலைத் தூள்போல் கறுத்துவிடும். நீர் தெளிப்பதைச் சில நாள் நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். மேலுள்ளதை அள்ளிச் சலித்து நிழலில் உலர்த்துக.

அவசரத்திற்கு வாங்க நேர்ந்தால் முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வர வேண்டும். சாண நாற்றம் வந்தால் இன்னும் மட்கவில்லை. ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து, அடியில் மணல் தங்குகிறதா என்றும் பார்த்து வாங்குக.