அண்மைத் தலமும் சேய்மைத் தலமும்
(பாதயாத்திரைக்குரிய முன்னேற்பாடுகள்)

திருத்தலங்களை நாடிக் கால்நடையாகச் சென்று வழிபடுதல் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் நெறியாகும். தேவார மூவரும் ஆழ்வார்களும் ஊர்தோறும் சென்று பாடியமையாலேயே பாடல் பெற்ற தலம் என்றும் மங்களாசாசனம் பெற்ற திவ்விய தேசம் என்றும் போற்றும் பேறு நமக்கு வாய்த்தது. அக்காலத்து மக்கள் சந்தைக்கும் வயலுக்கும் உறவினர் இல்லத்துக்கும் நடந்தே பழகியவர்கள். ஆதலின் தலயாத்திரை அவர்தம் கால்களுக்குப் புதியதன்று. இக்காலத்திலோ அன்றாடம் ஒரு கல் தொலைவும் நடவாத ஒருவர், வேண்டுதல் ஒன்று நிறைவேறியவுடன் நூறு கல் தொலைவு நடக்கத் துணிகின்றார். பக்தி பெரிது, பழக்கமோ சிறிது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் பல இடர்கள் விளைகின்றன.

இவ்விடர்களைத் தவிர்க்கும் வழியைத் திருவள்ளுவரிடமே காணலாம். திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்னும் எண்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை வேந்தனுக்குக் கூறப்பெற்றவையேனும் வழிநடைக்கும் அப்படியே பொருந்துவன. தன் வலிமை எத்துணை, செல்லும் காலம் எது, செல்லும் இடம் எத்தகையது என்று முன்னரே எண்ணித் துணிபவரின் யாத்திரை இனிது முடியும்.

வலியறிதல்

தன் வலிமையை அறிதற்கு அண்மைத் தலமே உரைகல். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதை 14 கி.மீ. நீளமுடையது, பெரும்பாலும் சமதரையாக அமைந்தது, எண்திசை இலிங்கங்களும் தீர்த்தங்களும் மண்டபங்களும் இடையிடையே இளைப்பாற இடந்தருவன. நடந்து பழகாதவர் இதனை நிறைவு செய்ய நான்கு அல்லது ஐந்து மணி நேரம் ஆகும். முதன்முறை செல்வோர் பௌர்ணமிப் பெருங்கூட்டத்தைத் தவிர்த்து, வேறொரு நாளின் வைகறையில் வலம்வருதல் நலம். வலம் முடித்த அன்று களைப்புத் தோன்றுதல் இயல்பே. மறுநாட்காலையில் உடல் எவ்வாறு உள்ளது என்பதே நோக்கத்தக்கது. மறுநாளும் அதே தொலைவை வருத்தமின்றி நடக்க இயலுமாயின், அவர் பன்னாள் நடைக்கு ஆயத்தமாகத் தொடங்கலாம்.

பன்னாள் நடைக்குத் தமிழ்நாட்டில் தலைசிறந்த எடுத்துக்காட்டாவது பழனிப் பாதயாத்திரை. நகரத்தார் பெருமக்கள் தைப்பூசத்தையொட்டிக் குன்றக்குடியிலிருந்து காவடிகளுடன் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 150 கி.மீ. நடந்து பழனியை அடைகின்றனர். காவடி எடுத்தோர் நடந்தே ஊர் திரும்பும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. ஒவ்வொரு நாளும் எங்குத் தங்குவது, எங்கு அன்னம் பாலிப்பது என்பன முன்னோர் வகுத்த முறைப்படியே நடைபெறுகின்றன. மூத்தோரின் துணையுடன் இளையோர் நடை பயில்வதால், அவ்யாத்திரை தலைமுறைதோறும் தொடரும் பள்ளியாகவும் விளங்குகின்றது.

இத்தகைய யாத்திரைக்கு மூன்று திங்களுக்கு முன்னரே பயிற்சி தொடங்குதல் வேண்டும். முதற்கண் நாளும் 3 கி.மீ. நடந்து, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஒருநாள் மட்டும் நெடுந்தொலைவு நடத்தல் முறை. பழகியவர் ஒரு நாளில் 25 முதல் 30 கி.மீ. வரை செல்வர், புதியவர் 15 கி.மீ. அளவில் நிற்பது நன்று. சபரிமலைக்குரிய 41 நாள் விரதத்தின் நுட்பமும் ஈண்டு எண்ணத்தக்கது. விடியற்காலை நீராடல், அளவான உணவு, மதுவும் புகையும் நீக்கல், காலணியின்றி நடத்தல் ஆகியவை உள்ளத்தைத் தூய்மை செய்வன. அவையே உடலையும் மலைவழிக்கு ஆயத்தம் செய்வன. விரதநாளைச் சுருக்கிக்கொண்டு மாலையணிந்த மறுவாரமே மலையேறுவோர் இவ்விரண்டு பயனையும் ஒருங்கே இழக்கின்றனர்.

நீரிழிவு நோயுடையார் பாதங்களில் உணர்ச்சி குறைந்திருத்தல் கூடும். முள் தைத்தாலும், சாலையின் வெம்மை சுட்டாலும் அவர்க்குத் தெரியாது. சிறு கொப்புளமும் ஆறாப் புண்ணாகிக் காலையே இழக்கச் செய்யும். அவர்கள் வெறுங்காலுடன் நடத்தல் ஆகாது. பழகிய காலணி அணிந்து, ஒவ்வோர் இரவும் உள்ளங்காலைப் பிறரைக் கொண்டேனும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இறைவன் காலணியை நோக்குவதில்லை, கருத்தையே நோக்குகின்றான்.

காலமறிதல்

ஒவ்வொரு தலத்துக்கும் உரிய பருவம் ஒன்றுண்டு. தைப்பூச நடை பனிக்காலத்தில் அமைதலின் பகற்பொழுதிலும் ஓரளவு நடக்க இயலும். கோடையில் நடப்போர் வைகறை நான்கு மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் தங்குமிடம் சேர்ந்து, வெயில் தாழ்ந்த பின்னரே மீண்டும் நடத்தல் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராது சிறிது சிறிதாக நீர் பருகுதலும், மிகுதியாக வியர்த்த நாளில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரையோ நீர்மோரையோ கொள்ளுதலும் இன்றியமையாதன. தலைசுற்றல், குமட்டல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். அவை தோன்றியவரை உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்துக் குளிரச் செய்து, மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் பாண்டிநாட்டில் செல்லுங்கால், பகல் வெம்மையைக் கண்ணகியின் மெல்லடி தாங்காதென்று கருதி, நிலவொளியில் இரவிலே நடந்தனர். விலங்காலும் கள்வராலும் இடரில்லாத நாடென்னும் துணிவு அவர்க்கு இருந்தது. இன்றைய நெடுஞ்சாலையில் இரவின் இடர் விரைந்துவரும் ஊர்திகளே. ஆதலின் நள்ளிரவு நடையைக் கூடியவரை தவிர்த்தல் வேண்டும். இருள் நீங்குமுன் நடக்க நேரின், முதுகிலும் பையிலும் ஒளிரும் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, சாலையின் வலப்புறமாக, எதிர்வரும் ஊர்தியைக் காணும் வண்ணம், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுதல் முறை.

கோவை மாவட்டத்து வெள்ளியங்கிரி மலை ஏற்றத்துக்குப் பிப்ரவரி முதல் மே வரை வனத்துறையினர் இசைவளிக்கின்றனர். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலைகளைக் கடந்து ஏறத்தாழ 6 கி.மீ. ஏறுதல் வேண்டும். தொலைவால் சிறிதாயினும் செங்குத்தால் கடியது. 2024ஆம் ஆண்டு ஏற்றப் பருவத்தில் அம்மலையில் அடியார் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் உயிர்நீத்தமை நெஞ்சை வருத்தும் செய்தி. இதயநோய், மூச்சுநோய், உயர் இரத்த அழுத்தம் உடையார் மருத்துவரின் சொற்கேளாது இம்மலை ஏறலாகாது.

இடனறிதல்

வழியை ஆராய்ந்து செல்லும் மரபும் சிலப்பதிகாரத்தில் உண்டு. மாங்காட்டு மறையோன் ஒருவன், கொடும்பாளூரின் நெடுங்குளக்கரையில் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரிவதைக் கோவலனுக்கு எடுத்துரைக்கின்றான். வலப்பக்க வழி சிறுமலை வழியே செல்வது. இடப்பக்க வழி திருமால்குன்றம் வழியே செல்வது. இடைவழி ஊர்களும் காடும் விரவியது. ஒவ்வொன்றிலும் காண்பன இவை, இடர் இவை என்று அவன் விரித்துரைக்கின்றான். ஏறத்தாழ அதே பணியை இக்காலத்தில் வரைபடமும், முன்னர்ச் சென்று மீண்டவரின் சொல்லும் செய்கின்றன. இரண்டனுள் பின்னதே சிறந்தது. கிணறு வற்றியமையும் பாலம் இடிந்தமையும் அண்மையில் நடந்தவருக்கே தெரியும்.

சபரிமலைக்கு எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பையை அடையும் பெருவழி அடர்காட்டினூடே செல்வது. யானை நடமாட்டம் உள்ளமையால் குறித்த நேரத்துக்குப்பின் வனத்துறையினர் உள்ளே விடுவதில்லை. திருமலைக்குரிய அலிபிரிப் பாதையில் 3,550 படிகள் உள்ளன. அவ்வழியில் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தபின், குழந்தைகளுடன் செல்வோர்க்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கப்பெற்றது. இவ்விதிகள் அவ்வப்போது மாறுவன. புறப்படுமுன் கேட்டறிதல் கடமை. விதியை மீறிச் செல்லுதல் துணிவன்று. உடன் வருவோர்க்கும் இடர் செய்வதாகும்.

கடல்கடந்த கதிர்காமத்துக்கும் நடைவழி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து அடியார்கள் கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில் கடந்து உகந்தையை அடைவர். பின்னர்க் குமண, யால காடுகளினூடே சில நாட்கள் நடந்து கதிர்காமம் சேர்வர். ஒன்றரைத் திங்களுக்கு மேலாகும் இந்நடையில் காட்டுவழி திறந்திருப்பது ஆடிவேல் திருவிழாவையொட்டிய சில நாட்களே. வழி திறக்கும் நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் புறப்படும் நாளை வகுத்தல் வேண்டும். மராட்டியத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளைப் பல்லக்கில் தாங்கி, ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவை மூன்று வாரத்தில் நடந்து பண்டரிபுரம் சேரும் வார்க்கரிகளும் தங்குமிடங்களை நாள்வாரியாக முன்னரே வகுத்துள்ளனர். ஆஷாட ஏகாதசியன்று விட்டலனைக் காண்பதே அவர்தம் குறிக்கோள். ஆதலின் ஒரு நாளும் பிசகாது அவர் நடை அமைகின்றது.

இமயத்தலங்கள் வேறொரு வகையின. அமர்நாத் குகை 3,880 மீட்டர் உயரத்தில் உள்ளது. கைலாய மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 52 கி.மீ.; மூன்று நாளில் நிறைவுறுவது. கிரிவலத்தைப்போல் நான்கு மடங்குகூட இல்லையே என்று எண்ணுதல் பிழை. இடையிலுள்ள தோல்மா கணவாய் 18,000 அடிக்கு மேற்பட்டது. ஆங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி கடற்கரையில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதியே. 3,000 மீட்டருக்கு மேல் செல்வோர் இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமலும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒருநாள் ஓய்ந்தும் செல்லுதல் வேண்டும் என்பர் மருத்துவர். தலைவலி, வாந்தி, ஓய்விலும் மூச்சுத்திணறல் தோன்றின் மேலே ஏறலாகாது. அறிகுறி முற்றின் உடனே கீழிறங்குதலே உயிர்காக்கும் வழி. நடுவணரசு நடத்தும் கைலாய யாத்திரை 2020 முதல் 2024 வரை நடைபெறாதிருந்து 2025ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கியது. அதற்கு 18 முதல் 70 வரை வயதும், மருத்துவத் தேர்வில் தகுதியும் வேண்டும். இத்தேர்வைத் தடையென்று எண்ணாது காப்பென்று கொள்ளல் வேண்டும்.

நேர்த்திக்கடனும் திரும்புதலும்

பாதிவழியில் திரும்பினால் வேண்டுதல் பழுதாகுமோ, தெய்வக்குற்றம் நேருமோ என்னும் அச்சம் அடியார் பலரிடம் உண்டு. மார்பு வலிக்கும்போதும் வாய்திறவாது நடந்து வீழ்வோர் இவ்வச்சத்தாலேயே வீழ்கின்றனர். இவர்கள் திருநாவுக்கரசர் வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு இது. அப்பரடிகள் சோழநாட்டுத் தலங்களையும் பிறவற்றையும் ஆண்டு பலவாக வழிபட்ட பின்னரே, காளத்தியில் நின்று கைலைக்காட்சியை விழைந்தார். திருப்பருப்பதம், காசி கடந்து வடக்கே சென்றார். தாள் தேய்ந்தபோது கையால் தாவினார். கை தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். அவ்வன்பைக் கண்ட இறைவன் முனிவராக எதிர்வந்து, இவ்வுடம்புடன் கைலையை அடைதல் அரிது, மீள்க என்று உரைத்தான். அடிகள் இசையாராக, ஆங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தான். மூழ்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். ஆங்கே ஆணும் பெண்ணுமாய் இணைந்து வந்த உயிர்கள் யாவற்றிலும் சிவமும் சத்தியும் தோன்றக் கண்டு, தாம் விழைந்த கைலைக்காட்சியைச் சோழநாட்டிலேயே பெற்றார்.

மீள்க என்று சொன்னவனே காட்சியும் தந்தான். ஆதலின் மருத்துவர் மீள்க என்னும்போதும், வனக்காவலர் நில் என்னும்போதும், உடன்வருவோர் போதும் என்னும்போதும், அதனை அவன் குரலாகவே கொள்ளுதல் அடியார்க்கு அழகு. எஞ்சிய தொலைவை மறு ஆண்டு நடக்கலாம். இயலாதவர் அண்மைத் தலத்தை வலம்வந்து நிறைவு செய்யலாம். நடப்போர்க்கு நீர்மோர் வார்த்தும் அன்னம் பாலித்தும் அப்பயனில் பங்கு கொள்ளலாம்.

இவ்வாண்டு கிரிவலம், அடுத்த ஆண்டு பழனி, பின்னர்ச் சபரிமலைப் பெருவழி, உடலும் காலமும் இசைந்தால் கதிர்காமமும் கைலையும் என்று படிப்படியாக ஏறுவோர்க்கு அண்மைத் தலம் சேய்மைத் தலத்துக்குப் படியாகும். படியேறாது நிற்போர்க்கோ அண்மைத் தலமே கைலையாகும். வலியும் காலமும் இடனும் அறிந்து நடக்கும் அடியார் அனைவரும் வழித்துணையாம் இறைவன் திருவருளால் நலமே சென்று நலமே மீள்வார்களாக!