நாற்றங்காலைக் காக்கும் நற்பூசணம்

தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றங்கால்களில், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடப்பதுண்டு. நாற்றழுகல் எனப்படும் இந்நோய்க்குப் பித்தியம், ரைசோக்டோனியா முதலிய மண்வாழ் பூசணங்களே காரணமாகும். நாற்று மடிந்தால் விதைக்கிட்ட பொருளோடு நடவுக்குரிய பருவமும் கைநழுவுகின்றது. சிறு விவசாயிக்கு இவ்விழப்பு பெரிது.

இப்பூசணங்களை அடக்கவல்ல மற்றொரு பூசணமும் மண்ணிலேயே வாழ்கின்றது. அதன் பெயர் ட்ரைக்கோடெர்மா. அதன் வித்துத்திரள் பெரும்பாலும் பச்சை நிறமுடையது. இது பிற மண்பூசணங்களைப் பற்றி உண்பதைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்த வைண்ட்லிங் என்னும் அறிஞர் 1932ஆம் ஆண்டில் விளக்கினார். ட்ரைக்கோடெர்மாவின் இழைகள் பகைப் பூசணத்தின் இழைகளைச் சுற்றிப் பிணைகின்றன. அவற்றின் சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. பகைக்குரிய உணவையும் இடத்தையும் முந்திக் கவர்ந்துகொள்வதும் உண்டு.

இம்முறையில் மறக்கலாகாத உண்மை யாதெனில், இது உயிருள்ள பொருள் என்பதே. ஆகவே நோய் தோன்றுமுன் இது வேரருகே வளர்ந்திருத்தல் வேண்டும். அழுகிய நாற்றை இது மீட்பதில்லை. நோய் கண்டபின் இதனை வழங்கினால் நாற்றும் பிழைக்காது. விவசாயிக்கு இம்முறையில் நம்பிக்கையும் குன்றும்.

விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையாகும். 1967ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் இயங்கிவரும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், தொழுவுரத்தில் இதனைப் பெருக்கி இடும் முறையைப் பரப்பிவருகின்றது. ஒரு டன் மட்கிய தொழுவுரத்தில் 2 கிலோ ட்ரைக்கோடெர்மா ஹார்சியானத்தைக் கலந்து, நிழலில் ஈரம் காயாதபடி மூடி 15 நாள் வைத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை கிளறிவிடுதல் நலம். தொழுவுரம் அதற்கு உணவாவதால் பூசணம் பன்மடங்கு பெருகுகின்றது.

பொட்டலத்தை வெயிலில் வைத்தலும், காலாவதி நாள் கடந்ததை வாங்குதலும், பூசணக்கொல்லி மருந்துடன் கலத்தலும் கூடா. மேட்டுப்பாத்தி அமைத்து நீர் தேங்காமல் காத்தலும் இன்றியமையாதது. நீர் தேங்குமிடத்தில் பித்தியம் விரைந்து பரவும்.

பள்ளித் தோட்டத்தில் ஒரே மண்ணில் இரு பாத்திகள் அமைத்து, ஒன்றில் மட்டும் இவ்வுரத்தை இட்டு ஒரே விதையை விதைக்கலாம். நிற்கும் நாற்றுகளை மாணவர் நாள்தோறும் எண்ணிக் குறித்துவருவாராயின், இரண்டிற்கும் உள்ள வேற்றுமையை அக்கணக்கைக் கொண்டே அவர்கள் ஆராய்ந்தறியலாம்.