ராத்திரியில் வரும் முழங்கால் வலி

பத்தாவது படிக்கும் பிள்ளை முழங்கால் வலிக்கிறது என்றால் நாம் என்ன செய்கிறோம்? விளையாட்டில் அடிபட்டிருக்கும் என்று தைலம் தேய்க்கிறோம், சுளுக்கு எடுக்கிறோம், கட்டுப் போடுகிறோம். பெரும்பாலான வலி அதற்குள் போய்விடும். ஓய்வெடுத்தும் தணியாமல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற வலி வேறு. கூடவே வீக்கமும் இருந்தால் நாள் கடத்தவே கூடாது.

ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்றுநோய், பிள்ளைகள் கிடுகிடுவென்று உயரும் பருவத்தில்தான் அதிகம் வருகிறது. அதிலும் முழங்காலை ஒட்டிய எலும்பு முனைகளில். அடிபட்டதால் வருவதில்லை. அடிபட்டபோது தெரியவருகிறது, அவ்வளவுதான். 'விளையாட விட்டோமே' என்று குமையும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த நோய் வந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸுக்கு 1977இல், 18 வயதில், வலது காலை எடுத்தார்கள். 1980இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் நின்றது. மறு ஆண்டு இறந்துபோனார். அதற்கும் முன், காலை மட்டும் எடுத்த காலத்தில், பெரும்பாலானவர்களுக்கு இதே கதிதான். நோய் தெரியும்போதே கண்ணுக்குப் புலப்படாத செல்கள் நுரையீரலில் குடியேறியிருக்கும். அந்தச் செல்களைத் தேடிப் போவதற்குத்தான் கீமோதெரபி.

அதில் ஒரு மருந்து மெத்தோட்ரெக்சேட். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ் அமெரிக்காவில் நடத்திய ஆய்வுக்குழு தந்தது. இந்த நோய்க்கு அதை மிக அதிக அளவில் ஏற்றுகிறார்கள். முறிமருந்து தராவிட்டால் உயிருக்கே ஆபத்தான அளவு. சலைன் இறங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் நர்ஸ் காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்ப்பார். சிறுநீரில் காரத்தன்மை குறைந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும். ஒரு நாள் கழித்து முறிமருந்து தொடங்கும். ரத்தத்தில் மருந்து வடியும்வரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

இன்று பலருக்குக் காலை எடுப்பதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றி உலோக மூட்டு பொருத்துகிறார்கள். பரவுமுன் வந்து சிகிச்சையை முழுதாக முடிப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியை மட்டும், அறுவை செய்யப்போகிற மருத்துவக் குழுவிடமே செய்துகொள்ளுங்கள். ஊசி போன வழியையும் பிறகு அவர்கள் அகற்ற வேண்டியிருக்கும்.

இரண்டு வாரமாகியும் வலி விடவில்லையா? எக்ஸ்-ரே எடுங்கள். அதுவரை அந்த இடத்தை யாரும் நீவ விடாதீர்கள்.