தோட்டமும் தூரிகையும்



உங்கள் இல்லத்தில் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படிக்கும் பிள்ளை இருந்தால், இன்று மாலை ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வெள்ளைத் தாள் ஒன்றையும் பென்சிலையும் கையில் கொடுத்து, ‘ஓர் இயற்கைக் காட்சி வரை’ என்று சொல்லுங்கள். கூர்மையான இரண்டு மலைகள், அவற்றின் இடுக்கிலிருந்து எழும் சூரியன், கீழே வளைந்தோடும் ஆறு, கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்து நிற்கும் தென்னை. பெரும்பாலும் இதுவே வரும்.

எங்கள் சங்கரன்கோவிலில் இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே எழும். எங்கள் ஊருக்கு மலைத்தொடர் மேற்கே இருக்கிறது. கதிரவன் அங்கே மறைவானே ஒழிய ஒருநாளும் உதித்ததில்லை. வருடம் முழுவதும் நீரோடும் ஆறும் ஊரில் கிடையாது. இங்கே இருப்பவை கரிசலும் செம்மண்ணும், விடியற்காலையில் மணக்கும் பூச்சந்தையும், தெருவெங்கும் ஒலிக்கும் தறிகளும்தான். அவற்றுள் ஒன்றேனும் பிள்ளையின் தாளில் இடம்பெறவில்லை. கண்ணால் கண்டதை அன்றி, கரும்பலகையிலிருந்து கை கற்றதையே அது வரைகிறது.

நான் படித்த தொடக்கப் பள்ளியிலும் இதே கதைதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை ஓவியத்திற்கு உரியது. ஆசிரியர் பலகையில் ஒரு கிளி வரைவார். நாற்பது பேரும் நாற்பது கிளி வரைவோம். பள்ளிக்குத் தோட்டமும் இருந்தது. ஆனால் தாமதமாக வந்தவர்கள்தாம் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓவியம் பொழுதுபோக்கு, தோட்டம் தண்டனை என்றே எங்கள் மனத்தில் பதிந்தது. இவ்விரண்டையும் ஒரே பாடமாக்கினால் என்ன என்று எவரும் எண்ணவில்லை.

உண்மையில் இது புதிய எண்ணமே அன்று. ஜெர்மனியில் ஃபிரடெரிக் ஃபுரோபெல் என்ற கல்வியாளர் 1837-ல் தொடங்கிய சிறுவர் பள்ளிக்கு, 1840-ல் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயரிட்டார். ‘குழந்தைகள் தோட்டம்’ என்பது அதன் பொருள். அவருடைய திட்டத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி உண்டு. உள்ளே வந்தால் வரைதல், காகிதம் மடித்தல், காகிதப் பட்டைகளைப் பாய்போல் பின்னுதல் ஆகியவை உண்டு. நாம் இன்று எல்.கே.ஜி. என்கிறோமே, அதிலுள்ள கடைசி எழுத்து அந்தத் தோட்டத்தைத்தான் குறிக்கிறது. எழுத்து நிலைத்துவிட்டது, செடிதான் பல பள்ளிகளில் காணோம்.

நம் நாட்டில் இவ்வெண்ணம் வேரூன்ற உழைத்தவர்களுள் முதன்மையானவர் டாக்டர் ஜாகிர் ஹுசேன். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டிற்குப் பின், ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்க அமைந்த குழுவின் தலைவர் அவரே. குழுவின் அமைப்பாளராக யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும், உறுப்பினர்களுள் ஒருவராகத் தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் இருந்தனர். நூற்றல், நெய்தல், தச்சு ஆகிய தொழில்களோடு காய்கனித் தோட்டமும் அந்தப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. ஓவியமும் தனியொரு பாடமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அறிக்கைக்குத் தலைமை தாங்கியவர் ரோஜாச் செடிகளின் மீது தீராத காதல் கொண்டவர். 1967-ல் சண்டிகரில் அமைந்த ரோஜாத் தோட்டம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பின்னர் 1944-ல், சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் என்னும் கலைஞர், சேவாகிராமப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராக வந்து சேர்ந்தார். கலையே கல்வியின் அடிப்படை என்பதைத் தலைப்பாகவே வைத்துப் பிற்காலத்தில் ஒரு நூல் எழுதினார்.

அப்படியானால் ஏன் நம் பள்ளிகளில் இது நிலைக்கவில்லை? தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழகுதல் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று பெயர் பெற்ற அத்திட்டத்தைக் கடும் எதிர்ப்புக்குப் பின் 1954-ல் காமராசர் அரசு கைவிட்டது. அன்றுமுதல், பள்ளியில் பிள்ளை மண்வெட்டியைத் தொட்டாலே பெற்றோர் துணுக்குறுகிறார்கள். ‘படிக்க அனுப்பினேனா, மண் சுமக்க அனுப்பினேனா?’ என்று ஒரு நெசவாளத் தகப்பனார் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அவர் தறிக்குழியில் கழித்த இளமையை மகனும் கழிக்க வேண்டாம் என்பதே அவருடைய கனவு. ஆகவே, செடி வளர்ப்பது வேலைக்காக அன்று, பார்ப்பதற்காக என்பதை ஆசிரியர் செயலில் காட்டியாக வேண்டும். அதற்குத்தான் தூரிகை.

எங்கள் ஊர் வகுப்பறை ஒன்றில் இதை எப்படிச் செய்யலாம் என்று சொல்கிறேன். ஜூன், ஜூலையில் தொடங்க வேண்டாம். அப்போது வீசும் காற்று நாற்றைக் கருக்கிவிடும். ஐப்பசி மழையோடு தொடங்குவதே நல்லது. நிலம் இல்லையென்றால் உடைந்த வாளியும் பழைய சிமெண்டுச் சாக்கும் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு செடி. அது வெண்டையாக இருக்கட்டும். ஓரிரவு ஊறவைத்த விதை, ஒரு வாரத்திற்குள் தலை நீட்டிவிடும்.

வாரம் ஒருமுறை, தன் செடியைத் தானே வரைய வேண்டும். பலகையில் ஆசிரியர் எதையும் வரையக் கூடாது. முதல் வாரத்தில் பிள்ளை தன் பழக்கப்படி மாவிலை போன்ற இலையைத்தான் வரையும். ‘உன் செடியை மறுபடி பார்’ என்று மட்டும் சொல்லுங்கள். முதலில் வந்த இரண்டு இலைகள் ஒரு வடிவம், அடுத்து வந்தவை விரல் விரிந்தாற்போல் வேறொரு வடிவம் என்பதை அதன் கண்ணே கண்டுபிடிக்கும். வித்திலை என்ற சொல்லை அதன் பிறகு கற்றுக்கொடுத்தால் ஆயுளுக்கும் மறக்காது. நானோ அச்சொல்லை மனப்பாடம் செய்து தேர்வெழுதித் தேறியவன். வித்திலையை உற்றுப் பார்த்தது முப்பது வயதுக்குப் பிறகுதான்!

ஒவ்வொரு வாரமும் செடியின் உயரத்திற்கு ஒரு வண்ணத் தாள் பட்டை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். கணக்கு ஆசிரியர் பட்டை வரைபடம் நடத்த வரும்போது, சுவரில் அது ஏற்கெனவே காத்திருக்கும். மிஞ்சிய பட்டைகளைப் பாய்போல் பின்னலாம். தறி வீட்டுப் பிள்ளைகள் பாவு எது, ஊடை எது என்று ஆசிரியருக்கே சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பில் பேசாமல் ஒடுங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு நாள் போதும்.

நாற்பது நாளளவில் வெண்டை பூக்கும். இளமஞ்சள் இதழ், நடுவே கருஞ்சிவப்பு. ஒரு பூ ஒரே நாள்தான் விரிந்திருக்கும். அன்று வராத பிள்ளைக்கு அந்தப் பூ இல்லை. காய் முற்றியதும் குறுக்கே நறுக்கி மையில் தோய்த்துத் தாளில் பதியுங்கள். ஐந்து முனை கொண்ட நட்சத்திரம் ஒன்று விழும்.

எல்லா விதையும் முளைக்காது. சிலவற்றை ஆடு மேயும். முளைக்காத விதைக்குரிய பிள்ளை வெறும் மண்ணையே வரையட்டும். ஏன் முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்கட்டும். அதன் மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆகாது. பெரிய செடிக்குப் பரிசு தருவதும் வேண்டாம். தந்தால் மறுநாளே யாரோ பெற்றோர் உரமூட்டையோடு வந்து நிற்பார்கள்! மெய்யான தொல்லை அரையாண்டு விடுமுறைதான். தண்ணீர் ஊற்ற ஆளின்றி அந்தப் பத்து நாளில் தோட்டம் பட்டுப்போகும். அவரவர் சாக்கை அவரவர் வீட்டுக்கே எடுத்துச் செல்லச் சொல்வதுதான் நான் கண்ட வழி. உங்கள் வீட்டு முற்றத்தில் ஒளுச் செய்யும் நீரே ஒரு வெண்டைச் செடிக்குப் போதும்.

வண்ணத்திற்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட, ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். எலுமிச்சைக்கு நமக்கென்ன பஞ்சம், பக்கத்திலேயே புளியங்குடி இருக்கிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆலம் கரைத்த தாய்மார்கள் அறிவார்கள். ஆறாண்டு கழித்து வேதியியல் வகுப்பில் அமிலம், காரம் என்று வரப்போவது இதுவேதான்.

ஓவியம் என்றதும் நம் இல்லங்களில் சிலர் தயங்குவதுண்டு. உயிருள்ளவற்றின் உருவம் பற்றிய தயக்கம் அது. ஆனால் இலைக்கும் பூவுக்கும் கொடிக்கும் அந்தத் தயக்கம் என்றும் இருந்ததில்லை. கீழக்கரையின் பழைய பள்ளிவாசல் தூண்களில் பூவும் கொடியும்தாம் செதுக்கப்பட்டிருக்கின்றன. 1620-ல் பேரரசர் ஜஹாங்கீர் காஷ்மீர் சென்றபோது, உஸ்தாத் மன்சூர் என்னும் ஓவியர் அப்பள்ளத்தாக்கின் பூக்களை நூற்றுக்கும் மேலாக வரைந்தார் என்று பேரரசரே தம் நினைவுக் குறிப்பில் பதிந்திருக்கிறார். அரசவை ஓவியரும் பூவின் முன் அமர்ந்து பார்த்துத்தான் வரைய வேண்டியிருந்தது.

சகோதரிகளே, தோட்டமும் ஓவியமும் கலந்த பாடம் ஒன்று உங்கள் கொல்லையிலேயே நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. அதுதான் மருதாணி. செடி வளர்த்து, இலை பறித்து, அம்மியில் அரைத்து, பெருநாளைக்கு முந்திய இரவில் உள்ளங்கையில் இலையும் கொடியுமாக எழுதினீர்கள். இப்போது கடையில் கூம்பு வாங்குகிறோம். கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கப்படுபவற்றுள் சிலவற்றில் கலந்திருக்கும் சாயம் தோலைப் புண்ணாக்குவதும் உண்டு.

வருகிற ஐப்பசியில் பென்சில் பருமனுள்ள மருதாணிக் குச்சிகள் இரண்டை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டுங்கள். ஒன்றைக் கொல்லையில் ஊன்றிவிட்டு, மற்றதை ஈரத்துணியில் சுற்றிப் பிள்ளையிடம் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். எங்கே நடுவது என்று ஆசிரியர் கேட்டால், குடிநீர்க் குழாயடியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சிந்தும் நீர் அதற்குப் போதும்.