தாய்ப் பலகையை மாற்றுதலும் இயங்குதளத்தைக் காத்தலும்

கணிப்பொறி பழையதாகிவிட்டால் அதனை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. மதர்போர்டு எனப்படும் தாய்ப் பலகையையும், கணக்கீடுகளை நிகழ்த்தும் செயலியையும் மாற்றி, பெட்டி, திரை, வட்டு ஆகியவற்றைத் தொடர்ந்து உபயோகிக்கலாம். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11, இண்டெல் செயலிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது. ஆகவே பல அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் இம்மாற்றம் அவசியமாகியுள்ளது.

அங்ஙனம் மாற்றுங்கால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவுதல் பெரும்பாலும் தேவையில்லை. எனினும், வட்டு பழைய பலகையுடன் மூன்று வகையில் பிணைக்கப்பட்டிருப்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மூன்று பிணைப்புகள்

முதலாவது, டிரைவர் என்னும் துணை நிரல். வட்டைப் படிக்கும் மின்சுற்றை இயங்குதளம் அடையாளம் காண இதுவே உதவுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி வழங்கிய நாட்களில், பலகையை மாற்றியவர் பலர் நீலத் திரையையே கண்டனர். புதிய மின்சுற்றுக்குரிய டிரைவர் தொடக்கத்திலேயே கிட்டாமையே காரணம். விண்டோஸ் 10, 11 ஆகியவை பொதுவான டிரைவர்களை உடன் கொண்டுள்ளமையால் இவ்விடர் வெகுவாகக் குறைந்துள்ளது.

இரண்டாவது, இயங்குதளம் வட்டின் எப்பகுதியில் உள்ளது என்னும் தொடக்கக் குறிப்பு. யூ.இ.எஃப்.ஐ. முறையில் இது பலகையின் நினைவகத்தில் பதிவாவதால், பழைய பலகையோடு நீங்கிவிடும். 

மூன்றாவதே மிக முக்கியமானது. பிட்லாக்கர் முறையில் வட்டு பூட்டப்பட்டிருப்பின், அதனைத் திறக்கும் திறவுகோலைப் பழைய பலகையைச் சார்ந்த டி.பி.எம். என்னும் காப்புச் சில்லு வைத்திருக்கும். புதிய பலகையில் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படும். அவ்வெண்ணும் வேறு பிரதியும் இல்லையெனில், பல ஆண்டுகளாகத் திரட்டிய கள அளவீடுகளையும் மாணவர் மதிப்பெண் பதிவுகளையும் மீட்க வழியில்லை. பல புதிய கணிப்பொறிகளில் இப்பூட்டு தானாகவே இடப்படுவதால், நாம் பூட்டவில்லை என்று கருதி வாளாவிருத்தல் தகாது.

முன்னேற்பாடுகள்

பழைய பலகை இயங்கும்போதே செய்ய வேண்டுவன இவை. கோப்புகளைத் தனி வட்டில் பிரதி எடுக்க. மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, பூட்டினை நீக்குக அல்லது இடைநிறுத்துக. விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசாப்ட் கணக்குடன் இணைக்க. கணிப்பொறியுடனேயே விற்கப்பட்ட உரிமம் பொதுவாக முதற் பலகைக்கே உரியது. அத்தகையோர் புதிய உரிமத்திற்கும் பணம் ஒதுக்க வேண்டும். பழைய பயாஸ் முறையில் வட்டு அமைந்திருப்பின், விண்டோஸிலேயே உள்ள எம்.பி.ஆர்.2.ஜி.பி.டி. என்னும் கருவியால் அதனை யூ.இ.எஃப்.ஐ. முறைக்கு மாற்றலாம். புதிய பலகையின் வலைத்தொடர்பு டிரைவரையும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. டி.டி.ஆர்.4 நினைவகம் டி.டி.ஆர்.5 பலகையில் பொருந்தாது என்பதையும் வாங்குமுன் நினைவிற் கொள்க.

முதல் இயக்கம்

பலகையைப் பொருத்தியபின், அமைப்புத் திரையில் வட்டின் இணைப்பு முறை முன்போலவே உள்ளதா என நோக்குக. ஏ.எச்.சி.ஐ. முறையில் இருந்த வட்டை ரெய்டு முறைக்கு மாற்றினால் இயங்குதளம் தொடங்காமற் போகலாம். முதன்முறை தொடங்கச் சற்று நேரமாகும். அதற்குள் மின்சாரத்தை நிறுத்தலாகாது. பின்னர் டிரைவர்களை நிறுவி, உரிமத்தைச் சரிபார்த்து, பூட்டினை மீண்டும் இடுக.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் இப்பணி எளிது. பெரும்பாலான டிரைவர்கள் அவற்றின் கருவிலேயே அடங்கியுள்ளன. வலைத்தொடர்பின் பெயர் மாறியிருப்பின் அதனை மட்டும் திருத்த நேரலாம்.

இத்தனைக்குப் பின்னும் கணிப்பொறி அடிக்கடி தடுமாறுமாயின், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுதலே முறை. பிரதி கையில் இருப்பின் அதனால் இழப்பு ஏதுமில்லை. பல கணிப்பொறிகளை மாற்ற வேண்டியோர், முதலில் ஒன்றை மாற்றி ஒரு வாரம் இயக்கிப் பார்த்த பின்னரே ஏனையவற்றைத் தொடுதல் நலம்.