கடலடிச் செய்தியும் பிழைதிருத்தும் குறிமுறையும்

மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் நூற்குற்றம் பத்தனுள் வைத்து எண்ணும் நன்னூல். எனினும், செல்லும் வழியே செய்தியைச் சிதைக்குமிடத்து மிகையே காவலாதலும் உண்டு. கடலடியில் ஒலிவழிச் செய்தி விடுக்கும் முறை இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

கடல்நீர் வானொலி அலைகளை விரைவில் உறிஞ்சிவிடும். ஆதலின் கடலடிக் கருவிகள் தம்முள் தொலைவிற் செய்தி பரிமாற ஒலியையே பெரிதும் சார்ந்துள்ளன. ஒலி கடல்நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஒரே ஒலி நேராகவும், கடற்பரப்பிலும் தரையிலும் பட்டுத் திரும்பியும் பல வழிகளால் வந்து சேரும். முன்னைக் குறியின் எதிரொலி பின்னைக் குறியின்மேற் படிதலின் இரண்டும் மயங்கும். 3 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 'மீண்டும் கூறுக' எனக் கேட்டு விடை பெற 4 நொடி கழியும். ஆகவே, திருத்தும் வகையும் செய்தியோடு உடன்செல்லுதல் வேண்டும்.

இத்துறைக்கு அடிகோலியவருள் ஒருவர் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹாமிங். 1950இல் அவர் வெளியிட்ட முறையில் 0, 1 என்னும் குறிகள் எவ்வேழாக அமையும். அவற்றுள் நான்கு செய்திக்குரியன, மூன்று காவற்குறிகள். செய்திக்குறிகளுள் மும்மூன்றனைக் கூட்டிய தொகை ஒற்றையோ இரட்டையோ என்பதனை ஒவ்வொரு காவற்குறியும் காட்டும். ஏழனுள் ஒன்று பிறழின், ஒவ்வாத காவற்குறிகள் பிறழ்ந்த இடத்தைச் சுட்டும். குறிகள் இரண்டேயாதலின், இடம் தெரிந்த அளவிலே திருத்தமும் தெளியும். எதுகை பிறழ்ந்தவிடத்து ஏட்டுப்பிழையை ஐயுறும் பதிப்பாசிரியர்க்கு இந்நெறி முற்றும் புதிதன்று. ஆயின் எதுகை ஐயத்தை எழுப்பும் அளவில் நிற்பதே பெரும்பான்மை.

ஈண்டு ஓர் இடரும் உண்டு. ஏழனுள் இரண்டு பிறழின், இம்முறை பிறழாத மூன்றாவது ஒன்றனையும் மாற்றிப் பொய்ச்செய்தியை மெய்போலத் தந்துவிடும். கடலிலோ பிழைகள் அடுத்தடுத்துத் திரளாக நிகழ்தல் இயல்பு.

2017இல் நேட்டோ அமைப்புத் தரமாக வெளியிட்ட 'ஜானஸ்' முறை இவ்விடரை எதிர்கொள்ளுமாற்றை நோக்குவோம். அதன் அடிப்படைச் செய்தி 64 குறிகளால் ஆயது. அவற்றுள் 8 சோதனைக்கே உரியன. இறுதியில் 8 சுழிகள் சேர்க்கப்படும். பின்னர் ஒவ்வொரு குறியும் தனக்கு முன்னுள்ள எட்டனோடு இயைக்கப்பட்டு இரண்டாக விரிய, 144 குறிகள் கிடைக்கும். அவற்றை வரிசை மாற்றி விடுப்பர். பெறுவோர் பழைய வரிசையில் அடுக்குங்கால், திரண்டு நிகழ்ந்த பிழைகள் சிதறித் திருத்தத்திற்கு எளியவாகும். திருத்தம் முடிந்தபின் சோதனைக்குறிகள் ஒவ்வாவிடின் அச்செய்தி கொள்ளப்படாது.

திருத்தும் கருவி வேறு, திருத்தம் மெய்யோ என ஆராயும் கருவி வேறு என்பதே இதனாற் பெறப்படும் உண்மை. மூலபாட ஆய்விலும் ஓசைக்கும் பொருளுக்கும் இயைந்தமை ஒன்றே பற்றி ஒரு பாடத்தை மெய்ப்பாடமெனத் துணிதல் சாலாது. அத்திருத்தத்திற்குத் துணைபுரியாத பிறிதொரு சான்றும் வேண்டும் என்பது எம் கருத்து.