தாத்தாவின் தோட்டா

மேலூர்ப் பக்கம் கண்மாய்க் கரையில் கௌதாரி சுட்ட தாத்தாவின் காலித் தோட்டா உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? "மருந்தை அடைத்தால் மறுபடி வெடிக்குமே!" என்று ஆசைப்படாதீர்கள், வாசகர்களே!

சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து, அனல் பின்னால் வராமல் அடைத்துக்கொள்கிறது. பல முறை விரிந்து களைத்த கூட்டில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். அப்புறம் அனல் சுடுபவர் முகத்தைத் தேடித்தான் வரும்!

லைசென்ஸ் இன்றித் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். செய்தாலும் எதைச் சுடுவது? 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அழகர் மலை மயிலோ 1963 முதல் தேசியப் பறவை!

தோட்டாவைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படையுங்கள். தாத்தாவின் கதையை மட்டும் பேரனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.